நிற்றலும் நிற்றல் நிமித்தமும்: பக்காரோ பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

ஒரு நகரத்தின் ஒரு தெருவில், அத்தெருக்காரர்களுக்கென்று ஒரு நல்ல ஒயின் கடை அமைய வேண்டியது யாது? திராட்சை என்பர் ஒரு சாரார். கோப்பையின் வடிவம் என்பர் மற்றொரு சாரார். இவர்கள் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொள்பவர்கள். ஆதலால் எதிரே நின்றவர் யார் என்று கேட்டால் தெரியாது. கடைக்காரரின் முகராசி என்பர் வேறு சிலர். இம்மூன்றையும் மறுத்து, நாற்காலி இல்லாமையே காரணம் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் வெனிஸ். அங்கே இத்தகைய கடையைப் பக்காரோ என்பார்கள். ஆய்வுமுறைக்காக வெளியே அலையத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளே போதும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். பக்காரோவின் நிலம், சந்தும் சந்து சார்ந்த இடமும். ரியால்டோ பாலத்தின் சந்தைப் பக்கத்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள் உண்டு. அவற்றில் ஒன்றில் இருக்கிறது காந்தினா தோ மோரி. 1462 முதல் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கடை. அதாவது கொலம்பஸ் கப்பலேறுவதற்கு 30 ஆண்டு முன்பே அங்கே ஊற்றிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உத்தரத்தில் செப்புக் குடங்கள் தொங்கும். கடைக்கு இரு முனையிலும் வாசல். கடன் கொடுத்தவர் ஒரு வாசலில் நுழையும்போது வாங்கியவர் மறு வாசலால் வெளியேறலாம் என்பதால், இவ்வமைப்பு அக்கம்பக்கத்து நல்லுறவைக் காக்கிறது என்க. உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

சிறுபொழுது இரண்டு, முற்பகலும் மாலையும். முற்பகலா என்று முகம் சுளிக்க வேண்டாம். மீன் சந்தையில் விடியுமுன் வேலை தொடங்கியவருக்குப் பதினோரு மணி என்பது சாயங்காலம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கடல் பொங்கி ஊருக்குள் வரும் காலமும் அதுவே. 2019 நவம்பர் 12 இரவு நீர்மட்டம் 187 சென்டிமீட்டரைத் தொட்டது. இங்கே ஓர் இயற்பியல் உண்மை நோக்கத்தக்கது: வெள்ளத்தில் நாற்காலி மிதக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்பவர் மிதப்பதில்லை.

இனிக் கருப்பொருள். புள், கடற்காகம். கையில் இருக்கும் மீனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொத்திக்கொண்டு போகும் சாதி. 2021இல் அவ்வூர்ப் பெரிய விடுதிகள் சில, வெளியே அமர்ந்து சாப்பிடும் விருந்தினருக்குக் கடற்காகத்தை விரட்ட நீர்த்துப்பாக்கி கொடுத்தன. அமர்ந்தவருக்கு ஆயுதம் தேவைப்பட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

உணவுதான் விரித்துரைக்க வேண்டியது. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் சிறு தீனிகளுக்குச் சிக்கெத்தி என்று பெயர். பொரித்த மத்தி மீனை, வதக்கிய வெங்காயமும் காடியும் உலர்திராட்சையும் பைன் கொட்டையும் சேர்த்து ஊறப்போட்டால் அது சார்தே இன் சாவோர். கப்பலில் கெடாமல் இருக்கக் கண்ட உபாயம் இது. நம் வீட்டு மீன்குழம்பைப் போலவே மறுநாள்தான் அதற்கு ருசி ஏறும். இன்னொன்று பக்கலா மந்தெகாதோ. உப்பே போடாமல் வடநாட்டுக் கடற்காற்றில் காய்ந்து கட்டையாகிப்போன மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் ஆகும்வரை அடிப்பார்கள். பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் 1431இல் கிரீட்டிலிருந்து ஃபிளாண்டர்ஸுக்கு ஒயின் ஏற்றிப் போனார். கப்பல் புயலில் சிதைந்து, மறு ஆண்டுத் தொடக்கத்தில் நார்வேயின் ரோஸ்ட் தீவில் கரை ஒதுங்கினார். ஊர் திரும்பியபோது ஒயின் இல்லை, காய்ந்த மீன் இருந்தது என்பார்கள். சரக்கைத் தொலைத்து அதற்குத் தொடுகறி கொண்டுவந்த வணிகர் வரலாற்றில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அவித்த முட்டையில் பாதியும் நெத்திலியும், குட்டிக் கணவாய், இறைச்சி உருண்டை, தோ மோரியில் அஞ்சல்தலை என்றே பெயர்பெற்ற தம்மாத்துண்டு சாண்ட்விச் என்று பட்டியல் நீளும். இவற்றுக்குள் பொதுவிதி ஒன்று உண்டு. எல்லாம் ஒரே கையால் எடுத்து ஓரிரு கடியில் முடிப்பவை. ஏன் எனின், மறு கையில் கோப்பை. இரு கையும் நிறைந்துவிட்ட மனிதர் கைப்பேசியை எடுக்க மாட்டார். எடுக்காதவர் பக்கத்திலிருப்பவரோடு பேசியே தீரவேண்டும். தெருக்காரர்கள் பேசிக்கொள்ளும் கடை இப்படித்தான் உண்டாகிறதேயன்றி, சுவரில் நட்பு பற்றிய வாசகம் எழுதிவைத்து உண்டாவதன்று.

கோப்பையைப் பற்றி ஒரு பழைய கதை உலவுகிறது. சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒயின் விற்றவர்கள் சரக்குச் சூடேறாமலிருக்க, மணிக்கூண்டின் நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்தினார்களாம். அதனால்தான் சிறு கோப்பை ஒயினை இன்றும் ஓம்ப்ரா, அதாவது நிழல், என்று கேட்கிறார்களாம். நிழலே நல்ல ஒயின் கடைக்கு மூலகாரணம் என்று இதைக் கொண்டு வாதிடுவோர் உளர். அவர்க்கு விடை: அம்மணிக்கூண்டு 1902 ஜூலை 14 காலை இடிந்து விழுந்தது. மீண்டும் எழுந்து திறப்புவிழா கண்டது 1912 ஏப்ரல் 25இல். இடைப்பட்ட ஏறத்தாழப் பத்தாண்டு அங்கே கூண்டும் இல்லை, நிழலும் இல்லை. அதற்காக ஊரார் குடியை நிறுத்திவிடவில்லை. ஆகவே நிழல் காரணமன்று; நின்றதே காரணம். வண்டிக்கு நாற்காலி ஏது?

இனி உரிப்பொருள். முல்லைக்கு இருத்தலும் இருத்தல் நிமித்தமும் என்றால் பக்காரோவுக்கு நிற்றலும் நிற்றல் நிமித்தமும். நிற்பவர் வட்டத்தில் நாலாமவர் வந்தால் மூவரும் அரையடி நகர்வார்கள். வட்டம் பெரிதாகும், அவ்வளவே. மேசையில் உட்கார்ந்த மூவரிடம் நாலாமவர் வந்தால் முதலில் நாற்காலி தேட வேண்டும், பிறகு அனுமதி, பிறகு வருத்தம். அறுவைப் பேர்வழியிடமிருந்து தப்பவும் நிற்பதே வழி. கோப்பை தீர்ந்தது என்று நகர்ந்துவிடலாம். ஒரு கடையில் ஒரு கோப்பை, அடுத்த கடையில் அடுத்தது என்று சுற்றும் வழக்கமே அங்கு இருப்பதால், எழுந்து போவது அவமரியாதை ஆகாது. எழுவதற்கு அவர் உட்காரவே இல்லை.

நிற்கும் உரிமையின் மதிப்பை லண்டனில் நீதிமன்றமே நிலைநாட்டியிருக்கிறது. ஃபிளீட் தெருவில் பத்திரிகைக்காரர்களும் வழக்கறிஞர்களும் கூடிய எல் வீனோ என்னும் ஒயின் கடையில், பெண்கள் கல்லாப்பலகையருகே நின்று குடிக்கக் கூடாது, உள்ளறை மேசைக்குப் போய் உட்கார வேண்டும் என்றொரு விதி. வழக்கறிஞர் டெஸ் கில்லும் பத்திரிகையாளர் அன்னா கூட்டும் வழக்குப் போட்டார்கள். 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உள்ளே உட்காரவைத்தால் ஊர்ச்செய்தி காதில் விழாது, தொழிலுக்கே நட்டம் என்பது நீதிபதிகளுக்கும் விளங்கியது. உலகில் உட்கார இடம் கேட்டு நடந்த போராட்டங்கள் பல. நிற்க இடம் கேட்டு வென்ற இவ்வழக்கு எம் கொள்கைக்குக் கிடைத்த பெருஞ்சான்று.

பொருளாதாரமும் இதையே சொல்கிறது. இத்தாலியில் பலகையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் கூடுதல் விலை. வெனிஸில் 1720இல் தொடங்கிய ஃபுளோரியான் காப்பிக்கடையின் வெளிமேசையில் அமர்ந்தால் வாத்தியம் கேட்டதற்கும் தனிக்கட்டணம். காதைப் பொத்திக்கொண்டால் தள்ளுபடி உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

அற்றேல், நம்மூர் டீக்கடைக்கு பெஞ்சு உண்டே, அங்கே ஊர் கூடவில்லையா எனின், பெஞ்சு நாற்காலி அன்று. அது யாருடையதும் இல்லை. 'கொஞ்சம் தள்ளுங்கண்ணே' என்றதும் நகர்ந்தே ஆகவேண்டிய இடம் அது. உட்கார்ந்தபடியே நிற்பதற்குச் சமம்.

ஒரு தடைக்கு மட்டும் எளிதில் விடையில்லை. தெருக்கடைக்குத் தெருக்காரர் வேண்டும். வெனிஸ் பழநகரில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் 50,000க்கும் கீழே போய்விட்டது. ரியால்டோ அருகே ஒரு மருந்துக்கடைச் சன்னலில் 2008 முதல் இந்த எண்ணிக்கையை மின்பலகையில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஊரின் நாற்காலிகளை எண்ணிக்காட்டும் பலகை எங்கும் கண்ணில் படவில்லை. வைத்தால் அது ஏறுமுகமாகவே ஓடும் என்பது எம் கருதுகோள். இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் நகராட்சிக்கு வேறு அறிக்கையே தேவைப்படாது.

கடைசியாக, மூட்டுவலிக்காரர் பாடு. இவர்களைக் கல்லாப்பலகையே தாங்குகிறது. முழங்கையை அதன்மேல் ஊன்றியதும் உடலின் பாரம் முழங்காலைவிட்டு முழங்கைக்கு மாறுகிறது. சரியான உயரம் அமைந்த பலகையில் எழுபது வயதுக்காரரும் முக்கால் மணி நேரம் நிற்கலாம். அந்தச் சரியான உயரம் எத்தனை அங்குலம் என்று கடைகடையாக ஏறி இறங்கி அளக்க நிதி கேட்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்தான். 'களப்பணிச் செலவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் மட்டும் நெறியாளரோடு இன்னும் உடன்பாடு எட்டவில்லை.