அறுபதில் பாதி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு மின்வண்டியைப் பற்றிப் பாடம் எடுக்க வெளியூர்க்காரர் யாருக்கும் யோக்கியதை கிடையாது. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா தொழிற்சாலை. ஓசூரில் ஏத்தர். டிவிஎஸ் ஐக்யூப் தயாராவதும் ஓசூரில்தான். சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. எல்லை தாண்டி அத்திப்பள்ளி வழியாகக் கொஞ்ச தூரம் போனால் பொம்மசந்திரா. 2001-இல் ரேவா என்ற குட்டி மின்கார் புறப்பட்டது அங்கிருந்துதான். எங்கள் ஊர் டீக்கடையில் பேட்டரியைப் பற்றி ஒருவர் அடித்துப் பேசினால் ஜாக்கிரதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஷிப்ட் முழுக்க அதைக் கையால் தொட்டுவிட்டு வந்தவராக இருப்பார்.

ஆனால் இங்கே தயாராவதில் பெரும்பாலும் இரண்டு சக்கரம். வீட்டுத் திண்ணையில் வயரை மாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால், ஓசூர்க்காரனும் ஒன்றுதான், எதுவும் தெரியாத ஊர்க்காரனும் ஒன்றுதான்.

எங்கள் காரை, "இனிமே பெட்ரோல் செலவே இல்லப்பா" என்று சொல்லி மகன் எங்கள் தலையில் கட்டினான். செலவு குறைந்தது வாஸ்தவம். கூடவே என் மனைவிக்கு வெளியே இருக்கிற மலை, மாந்தோப்பு, மேம்பாலம் எதுவும் கண்ணில் படாமல் போயிற்று. டாஷ்போர்டில் ஓடுகிற சதவீதம் ஒன்றுதான் இப்போது அவளுக்கு இயற்கைக் காட்சி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 சொச்சம். இறங்கும்போது வண்டி தானாக உருளும், வேகத்தை அடக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பியும் கொடுக்கும். "பாத்தீங்களா, குறையவே இல்ல" என்று சொல்லும்போது அவள் குரலில், தானே சிக்கனமாக நடத்தி மிச்சம் பிடித்த பெருமை. திரும்பி வரும்போது அந்தச் சரிவு வட்டியோடு வசூலித்துவிடும். ஒன்றரை டன் வண்டியை 400 மீட்டர் மேலே தூக்க, ஓடுகிற செலவு போக, ஒன்றரை யூனிட்டுக்கும் மேல் வேண்டும். அந்த ஒன்றரை யூனிட்டை ஈடுகட்டச் சூளகிரிக்கு முன்பே ஏசி அணைந்துவிடும். அணைப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சார்ஜிங் ஸ்டேஷன் என்றதும் பெட்ரோல் பங்க் மாதிரி கூரை, குழல் விளக்கு, சீருடை போட்ட ஆள் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நல்ல இடங்களும் உண்டு. நமக்கு வாய்ப்பது என்னவோ ஹோட்டலின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில், பீரோ உயரத்தில் நிற்கிற ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் கனத்த கறுப்புக் கேபிள், நுனியில் ‘கன்’. நடுவில் ஒரு சிவப்பு பட்டன். ஆபத்து வந்தால் அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு. ஆறு வயதுப் பையனின் கைக்கு எட்டுகிற உயரத்தில் அதைச் சரியாகப் பொருத்தியிருக்கிறார்கள். பரோட்டா வர நேரமானால் அந்தப் பையன் வேறு என்ன செய்வான்?

காவலுக்கு ஒரு பெரியவர் இருப்பார். எல்லைப்புறத்து மனிதர், மூன்று பாஷையும் சரளம். வருகிறவரின் நம்பர் பிளேட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஆப்ல பாருங்க", "ஆப்லோ சூடண்டி", "ஆப்நல்லி நோடி" என்று தக்கபடி சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்புவார். கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு ஓடிபி, ஒவ்வொன்றிலும் முன்பணம். முடிந்த பிறகு ஒவ்வொரு கணக்கிலும் எடுக்கவும் முடியாமல் செலவழிக்கவும் முடியாமல் முப்பது, நாற்பது ரூபாய் தங்கிவிடும். ஓசூர் மலைக்கோயில் உண்டியலில் போட்டிருந்தால் சந்திரசூடேஸ்வரராவது பார்த்திருப்பார்.

2018-இல் மத்திய மின்துறை ஒரு விளக்கம் கொடுத்தது: வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்சாரத்தை விற்பதாகாது, அது ஒரு சேவை; ஆகவே லைசென்ஸ் தேவையில்லை. நல்ல காரியம்தான். அதனால்தான் இத்தனை பெட்டிகள் முளைத்தன. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சேவை என்று ஆகிவிட்டால் 18 சதவீதம். அந்தச் சேவை எங்கே நடக்கிறது என்று ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நின்று நானும் தேடிப் பார்க்கிறேன்.

ஒருமுறை ஸ்கூட்டரில் வந்த பையன் ஒருவன், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கன்னைத் தூக்கிப் பார்த்து, "இத நம்ம வண்டிக்குப் போட முடியாதாண்ணா?" என்றான். முடியாது. காருக்கான சொருகி வேறு, ஸ்கூட்டருக்கானது வேறு. இந்த மாவட்டத்தில் செய்த வண்டி, இந்த மாவட்டத்துப் பெட்டியின் முன்னால் பட்டினியாக நின்றது. பையன் கன்னைத் திரும்ப மாட்டிவிட்டு, கேபிள் தரம் சுமார் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனான்.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியின் மேல் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். பல பெட்டிகளில், ஒரு கார் நின்றால்தான் அந்த அறுபது. அடுத்த கன்னில் இன்னொருவர் மாட்டினால் ஆளுக்கு முப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் மொத்தமும் ஓசூர் வழியாகத் தெற்கே இறங்கும்போது, இந்தக் கணக்கு மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 52 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கர்நாடகா நம்பர் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே இளம் தம்பதி, மடியில் திறந்த லேப்டாப். என் மனைவி இறங்கிப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் அவள் காட்டாத பாசத்தோடு பேசினாள்.

"எவ்ளோ பர்சென்ட் இருக்கு தம்பி?"

"இருபத்தெட்டு, ஆன்ட்டி."

"அட, தாராளமா இருக்கே. அடுத்த ஸ்டேஷன்ல பில்டர் காபி ரொம்ப நல்லா இருக்கும். இங்க கழுநீர்."

"நாங்க காபி குடிக்கிறதில்ல, ஆன்ட்டி."

கன் ‘டக்’கென்று மாட்டியது. எங்கள் திரையில் 52 கண்ணெதிரே 27 ஆயிற்று. "காபி குடிக்காத ஜென்மமும் இருக்கா?" என்று அவள் முணுமுணுத்தது சேலம் வரை ஓயவில்லை.

காத்திருந்த நேரத்தில் பெர்த்தா பென்ஸை நினைத்துக்கொண்டேன். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, அவர் செய்த மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அம்மணி. வழியில் எரிபொருள் தீர்ந்தது. பங்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போனார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் தாங்கள்தான் என்று அந்த மருந்துக் கடை இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்கிறது. பெட்ரோலும் ஆரம்பத்தில் இந்த லட்சணத்தில்தான் இருந்தது. ஆனால் மருந்துக் கடைக்காரர் ஓடிபி கேட்டதாகத் தகவல் இல்லை.

பெட்டிகள் பெருகும். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2022 வழிகாட்டுதலே சொன்னது. பெட்டி பெருகினாலும் தீராத வியாதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. 100 ஆகாமல் கன்னைக் கழற்ற மனசு வராது. 40 யூனிட் பேட்டரியில் 10-லிருந்து 80 வரை ஏற 28 யூனிட். 30 கிலோவாட்டில் ஒரு மணி நேரம். அதற்கு மேல், செல்கள் கெட்டுவிடாமல் இருக்க வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற 8 யூனிட் சொட்டுச் சொட்டாக ஏறி, அதுவே அரை மணிக்கு மேல் இழுத்துவிடும். அந்த அரை மணியில் இன்னொருவர் மூன்றில் ஒரு பங்கு பேட்டரியாவது நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடலாம். காருக்குச் சொந்தக்காரரோ உள்ளே பிரியாணிக்குப் பிறகு பீடா போட்டுக்கொண்டிருப்பார். சார்ஜ் ஏறும்போது கன் காரோடு பூட்டிக்கொள்ளும்; நாம் இழுத்தாலும் வராது. ஹோட்டல் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால், "இன்னும் நாலு பர்சென்ட்தான் சார்" என்பார்.

அந்த நாலு பர்சென்ட்காரர் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒரே ஒரு விண்ணப்பம்: 80 வந்ததும் கழற்றிவிடுங்கள். முடியாதென்றால், போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டாவது சாப்பிடப் போங்கள்.