தாம்பரம்வரை வந்த பால்கோவா: ஓர் ஆய்வு

2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பிறப்பிட வழக்கு தீர்ந்துவிட்டதாக ஊர் நம்புகிறது. தீரவில்லை. ஓர் இனிப்பு பிறப்பது பால் காய்ச்சிய இடத்திலா, பொட்டலம் பிரித்த இடத்திலா? பிரித்த இடமே பிறப்பிடம் என்பதும், அவ்வகையில் தாம்பரத்துக்குப் பாத்தியதை உண்டு என்பதும் இவ்வாய்வின் துணிபு.

முதலில் இலக்கியச் சான்று. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பிருக்கும் பெண்கள் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள், பால்கோவாவை விலக்கவில்லை. அன்று அது இல்லவே இல்லை என்பார் எதிர்வாதி. விலக்க மனம் வரவில்லை என்பது நம் பாடம். ('கோவா' வடக்கிலிருந்து வந்த சொல்லாயிற்றே என்று நண்பரொருவர் குறுக்கிட்டார். அவருக்கு இந்த முறை பங்கு கிடையாது.)

அமெரிக்கரின் ஃபட்ஜ் என்ற இனிப்புக்கு இந்தப் பிறப்பிடத் தொல்லை இல்லை. 1886-இல் பால்டிமோரில் பவுண்டு 40 சென்டுக்கு அதை விற்றதையும், 1888-இல் வாசர் கல்லூரி ஏலத்துக்காகத் தான் 30 பவுண்டு கிண்டியதையும் எம்லின் ஹார்ட்ரிட்ஜ் என்ற மாணவி கடிதத்தில் எழுதி வைத்துவிட்டார். நம்மூரில் கிண்டியவர் கையில் கரண்டி இருந்தது. பேனா பிடிக்க ஏது கை? ஃபட்ஜைக் காய்ச்சி, ஆறவிட்டு, பிறகு அடித்துக் கிளறலாம். பால்கோவாவுக்கு அடுப்பிலிருந்து இறக்கும்வரை கை ஓயக் கூடாது, ஓய்ந்தால் அடிபிடிக்கும். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். விறகடுப்பு அனலில் நின்று அதை விரட்டுவதுதான் தொழிலே.

இனிக் கள ஆய்வு. பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும் அரைக் கிலோ, விடியுமுன் தாம்பரத்தில் அரைக் கிலோவாக இறங்கியதை இவ்வாய்வாளர் கண்டதில்லை. மதுரைக்குள் எதிர் சீட்டுக் குழந்தைக்கு ஒரு விள்ளல். விழுப்புரத்தில் விழிப்புத் தட்டியவர், "புளிச்சிருக்கான்னு பார்க்குறேன்" என்று இரண்டு விள்ளல். மிச்சம் சேலையூர் வந்ததும் வீட்டுக்கார அம்மாவுக்குக் கிண்ணத்தில் போகும். அவர் வாயில் போடுமுன் கேட்பார்: "ஏம்ப்பா, இது அங்க வாங்குனதா, இல்ல ஜிஎஸ்டி ரோட்டுல வாங்குனதா?"

இக்கேள்விக்கு வரலாறு உண்டு. ஒருமுறை ஊரில் வாங்க மறந்து, தாம்பரத்திலேயே அந்த ஊர்ப்பெயர் அச்சிட்ட டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, "மைதா" என்றார். எந்த ஆய்வுக்கூடமும் அத்தனை விரைவில் முடிவு சொல்லாது.

மேற்படி துணிபுக்கு இது பாதகமான சான்று என்பதை மறைக்கவில்லை. மறு ஆய்வு செய்ய மாதிரிப் பொருளும் தீர்ந்துவிட்டது. பொதிகையில் வருகிற அன்பர்கள் அடுத்த முறை ஒரு கிலோவாகவே வாங்கி வரவும், விழுப்புரத்தில் தூங்கவும்.