புல்வெட்டிக்குப் புல் வேண்டுமா?

பழைய பெட்ரோல் புல்வெட்டிகளை ஆராயப் புகுவோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஐயம் ஒன்று உண்டு: அவை புல் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவையா? ஆம் என்பர் பாமரர். அன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று 1830இல் கிடைக்கிறது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் நகரை அடுத்த த்ரப் என்ற ஊரில் இருந்த எட்வின் பியர்ட் பட்டிங், கம்பளித் துணியின் மேல் துருத்தி நிற்கும் மயிரை மழிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டார். துணிக்குச் செய்வதைத் தரைக்கும் செய்யலாமே என்று நினைத்து, உருளை வடிவில் சுழலும் அலகுகள் கொண்ட கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கம்பக்கத்தார் பரிகசிப்பார்கள் என்று அஞ்சி இரவில் வெள்ளோட்டம் விட்டார் என்றொரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. நம் ஆய்வுக்கு முக்கியம் காப்புரிமைப் பத்திரம். கிராமப்புறத்துக் கனவான்கள் இதைத் தாமே தள்ளினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. ஆக, பிறக்கும்போதே இது கனவான்களின் பொழுதுபோக்கு. புல் ஒரு சாக்கு.

நீராவிக் காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1890களில் லேலண்டில் ஜேம்ஸ் சம்னர் நீராவிப் புல்வெட்டி செய்தார். கொதிகலனில் நீர் கொதிக்கும்வரை புல் காத்திருக்க வேண்டும். புல்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1902இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1921இல் பர்மிங்ஹாமில் சார்லஸ் ஹெச். ப்யூ நிறுவனம் ‘அட்கோ’வைக் கொண்டுவந்த பின்புதான் இது நடுத்தர வீட்டுக் கொட்டகைகளுக்குள் நுழையத் தொடங்கியது. நுழைந்தது பல வீடுகளில் அங்கேயே இருந்துவிட்டது. அதனால்தான் இந்த ஆய்வுத்துறையே பிறந்தது.

இனி அடையாளம் காணும் முறை. சுவடிப் பதிப்பில் மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று பிரித்தறியும் சிக்கல் இங்கும் அப்படியே உள்ளது. கன்னிமுயற்சி ஆய்வாளர் கொட்டகைக்குள் போவார். எஞ்சின் மேல் ‘வில்லியர்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்ப்பார். “இது வில்லியர்ஸ் புல்வெட்டி” என்று தீர்ப்பளித்துவிட்டு வெளியே வருவார். இது பெரும்பிழை. வில்லியர்ஸ் வுல்வர்ஹாம்டனில் எஞ்சின் செய்த கம்பெனி. அவர்களுடைய எஞ்சின் மோட்டார் சைக்கிளில் இருந்தது, தண்ணீர் பம்பில் இருந்தது, புல்வெட்டியிலும் இருந்தது. சென்னையில் என்ஃபீல்டு செய்த ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டருக்கும் வில்லியர்ஸ் எஞ்சின்தான். உடல் ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது என்ற இந்த இருமை விளங்காதவர் இத்துறைக்கு ஆகார். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்துகொண்ட விதிவிலக்குகளும் உண்டு: ஸ்டோமார்க்கெட்டில் ‘சஃபோக் பஞ்ச்’ செய்தவர்கள் எஞ்சினையும் தாமே வார்த்தார்கள்.

எஞ்சினுக்கு எண்ணே ஆதாரம். வில்லியர்ஸ் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் எந்த மாதிரி என்பதைச் சொல்லும். அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்கள் இதைவிடக் கருணையுள்ளவை; மாடல், டைப், கோடு என்று மூன்று எண்களைப் பொறித்துத் தருகின்றன. கோடு 630417 என்று தொடங்கினால் அந்த எஞ்சின் 1963 ஏப்ரல் 17 அன்று பிறந்தது. நாள் தெரிந்துவிட்டது, நேரமும் இருந்தால் ஜாதகமே கணித்துவிடலாம்.

அற்றேல், எஞ்சினின் வயதே புல்வெட்டியின் வயது எனலாமோ எனின், அற்றன்று. என்னை? எஞ்சினைக் கழற்றி மாற்றுவதற்கு நாலைந்து போல்ட் போதும். 1930களின் உடலில் 1950களின் எஞ்சின் உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம். நிறத்தை நம்பலாமா என்றால் அதுவும் ஆகாது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் கரும்பச்சையையே பூசினார்கள். அதன் மேல் வீட்டுக்காரர் வேலிக்கு அடித்து மிஞ்சிய பச்சையைப் பூசினார். சுரண்டிப் பார்க்கும் ஆய்வாளருக்குப் பச்சைக்கு அடியில் பச்சை கிடைக்கும். நம்பத் தக்கவை மூன்றே: உடலில் அடித்த பித்தளைத் தகடு, வார்ப்பில் புடைத்து நிற்கும் எண், அங்குலத்தில் அளந்த வெட்டு அகலம்.

ஆஸ்திரேலியப் பிரதியில் வேறொரு சிக்கல். 1952இல் சிட்னியின் கான்கார்டில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் வில்லியர்ஸ் எஞ்சினைப் படுக்கப்போட்டு, அடியில் சுழலும் அலகு பூட்டி ஒரு புல்வெட்டி செய்தார். பெட்ரோல் டாங்காகப் பயன்பட்டது பீச் பழம் அடைத்து வந்த தகர டப்பா. அதிலிருந்து பிறந்ததுதான் ‘விக்டா’. இதை ஆராய்பவர் எஞ்சின் அறிவோடு பழ அறிவும் பெற்றிருத்தல் நலம்.

அடுத்தது உயிர்ப்பித்தல். பிஸ்டன் இறுகியிருந்தால் பிளக்கைக் கழற்றி, டீசல் ஊற்றி, சும்மா இருக்க வேண்டும். சுத்தியலை எடுப்பவர் ஆய்வாளர் அல்லர், கொலைஞர். நெருப்புப் பொறி வரவில்லையென்றால் குற்றவாளி பாயின்ட் அல்லது கண்டென்சர். வில்லியர்ஸில் பாயின்ட்கள் பிளைவீலுக்கு அடியில் இருக்கும். பிளைவீலின் நடு நட்டைத் திருகினால் முதலில் இளகும். பிறகு மீண்டும் இறுகும். தவறு செய்துவிட்டோமோ என்று அஞ்சி நிறுத்துபவர்கள் இங்கேதான் அதிகம். இரண்டாவது இறுக்கத்தையும் மீறித் திருகினால் அந்த நட்டே பிளைவீலைப் பிடித்து வெளியே இழுத்துவரும். அதை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அடியில் உள்ள பாயின்ட்களைச் சுத்தம் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி வைத்தால் பொறி திரும்பும்.

உணவு விஷயத்தில் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஆசாரமானவை. பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்பது பழைய விதி. விளைவு நீலப் புகை. பலன் சைலன்சரில் கரி. எஞ்சின் மூச்சுமுட்டினால் கார்புரேட்டரைத் திட்டுமுன் அந்தக் கரியைச் சுரண்டுக. 2021இல் பிரிட்டனில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் கார்புரேட்டருக்கும் நியாயமான புகார் ஒன்று உண்டு: பழைய ரப்பரையும் கார்க் மிதவையையும் எத்தனால் தின்றுவிடுகிறது.

உயிர்ப்பித்த பின் தோற்றத்தைப் பற்றி இரு மதங்கள். பெயின்ட் மதத்தார் எல்லாவற்றையும் கழற்றி, துரு நீக்கி, புதிதாகப் பூசிக் கண்கூச வைப்பர். எண்ணெய்த்துணி மதத்தார் இருந்த நிறத்தை இருந்தபடியே துடைத்து வைப்பர். இக்கட்டுரையாளர் இரண்டாம் மதம். ஐம்பது வருடத் தேய்மானத்தை டப்பாவில் அடைத்து எவரும் விற்பதில்லை.

இனித் தொடக்கத்துத் துணிபு. எதிர்வாதி கேட்பார்: புல் தேவையில்லை என்றால் அலகை ஏன் அத்தனை நுட்பமாகச் சரிசெய்கிறீர்கள்? விடை எளிது. உருளை அலகுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே செய்தித்தாள் கீற்றை வைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். முழு அகலத்துக்கும் சுத்தமாக வெட்டினால் அலகு சரி. அந்தக் கணத்திலேயே வேலை முடிந்தது, புல்வெட்டி மூடுதுணிக்குள் போகிறது. ஆதலின் அது வெட்டுவது பத்திரிகையை. சவுத்போர்ட்டில் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூரைக்குக் கீழே, புல் இல்லாத இடத்தில். அதைவிட வலிய சான்று, 1973இல் சஸெக்ஸின் விஸ்பரோ கிரீனில் ஒரு மதுக்கடையில் கூடியவர்கள் தொடங்கிய புல்வெட்டிப் பந்தயம். பாதுகாப்புக்காக அதில் அலகுகளைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அலகே இல்லாதபோதும் அதற்குப் புல்வெட்டி என்றே பெயர். இதற்கு மேல் நிறுவ என்ன இருக்கிறது?

இலக்கியச் சான்று ஒன்றும் உண்டு, ஆனால் குறையுடையது. ஃபிலிப் லார்கின் 1979இல் எழுதிய கவிதையில் புல்வெட்டி இருமுறை நின்றுபோகிறது. மண்டியிட்டுப் பார்த்தால் அலகில் முள்ளெலி மாட்டி இறந்துகிடக்கிறது. துயரம் மெய். ஆயினும் அலகு எத்தனை அங்குலம், எஞ்சின் யாருடையது, எண் என்ன என்பவற்றில் ஒன்றைக்கூடக் கவிஞர் குறிக்கவில்லை.

அந்தக் குறையை வாசகர் வைக்காதிருப்பாராக. பழைய புல்வெட்டி கைக்குக் கிடைத்தால், கம்பி பிரஷையும் உப்புத்தாளையும் தொடுமுன் தகட்டிலும் எஞ்சினிலும் உள்ள எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். தேய்த்து அழித்த எண்ணைத் திரும்பப் பெற எந்த ஆய்வு முறையும் இல்லை.