ரெண்டு கோடு குறையுதுன்னு அழாத மருமவனே

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் இம்புட்டு வாடிக் கெடக்கு? கையில என்ன, ரேடியோவா? நல்லாத்தான் இருக்கு. ஆயிரம் ஸ்டேஷனு மெமரி, தேடிப் புடிக்கிற ஸ்கேன் பட்டன், ராத்திரி எரிய வெளக்கு, எல்லாம் இருக்கு. பாட்டு மட்டும் வரலையாக்கும்.

சார்ஜ் நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லுத. சரி, அதுக்கு நீ என்ன செஞ்ச? ராத்திரி முழுக்க வீடியோ பாத்த. ஒருத்தன் ஃபேக்டரி ரீசெட் பண்ணச் சொன்னான், பண்ணுன. இன்னொருத்தன் பேட்டரிய ஃப்ரிட்ஜுல வைக்கச் சொன்னான், தோசமாவுக்குப் பக்கத்துல வச்ச. அடுத்தவன் புது சார்ஜர் வாங்குன்னான், அதுக்கும் ஆர்டர் போட்டாச்சு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பின்னாடி மூடியத் தெறந்து உள்ள என்ன பேட்டரிக் கட்டை கெடக்குன்னு பாக்க ஒருத்தனும் சொல்லலையாலே?

நாங்க டார்ச்சு லைட்டுக் கட்டைய வெயில்ல காயப் போட்டு ரெண்டு நா கூட ஓட்டுன ஆளுக. அந்தக் கட்டைக்கு 1.5 வோல்ட். இப்ப விக்கிற அல்கலைனுக்கும் அதே 1.5 தான். நீ போட்டிருக்கது சார்ஜ் ஏத்துற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதுக்கு 1.2. நாலு அல்கலைன் போட்டா 6 வோல்ட், நாலு நிக்கல் போட்டா 4.8. உன் ரேடியோ 6ஐ மனசுல வச்சுக்கிட்டு ஸ்கிரீன்ல பேட்டரிக் கோடு போடுது. நீ 4.8ஐக் குடுத்துட்டு ரெண்டு கோடு கொறையுதுன்னு கண்ணக் கசக்குத. கட்டை நெறஞ்சுதான் இருக்கு. அந்தக் கோட்டுக்குத்தான் கணக்குத் தெரியல.

அதுல ஒரு குசும்பும் உண்டு. அல்கலைன் மெல்ல மெல்ல எறங்கும். நிக்கல் அப்படியில்ல. முக்காவாசி நேரம் 1.2 பக்கத்துலயே நிமிந்து நிக்கும், தீரும்போது பொத்துன்னு விழும். ரெண்டே கோட்ட வச்சுக்கிட்டு மணிக்கணக்காப் பாடும், அப்புறம் சொல்லாம கொள்ளாம அணைஞ்சிரும். உள்ள இருக்கது எந்தக் கட்டைன்னு சொல்லி வைக்க சில ரேடியோவுல மெனுவுலயே எடம் இருக்கு. நீ மெனுவுக்குள்ள போறது வெளக்கு கலர் மாத்தத்தானே?

எம்புட்டு நேரம் சார்ஜ் போட்ட? ஒரு மணி நேரமா? நல்லா இருக்குடே. போனுக்குப் பழகுன கை, வேற எப்படி இருக்கும்? 2000 எம்ஏஎச் கட்டைக்கு ரேடியோ 200 மில்லி ஆம்பியர் விடுதுன்னு வையி. தாளுல வகுத்தா 10 மணி நேரம். ஆனா விடுறது அம்புட்டும் உள்ள தங்குமா? கொஞ்சம் சூடாப் போயிரும். அதனால 14ல இருந்து 16 மணி நேரம் வேணும். சாயந்தரம் வெளக்கு வச்சதும் மாட்டுனா, மறுநா காலச் சாப்பாட்டுக்கு அப்புறந்தான் கழட்டணும். இன்னும் கேளு. பல ரேடியோவுக்கு கட்டை நெறஞ்சதே தெரியாது, மணிய எண்ணித்தான் நிறுத்தும். நீ பெருமைக்கு 2600 கட்டை வாங்கிப் போட்டா ரேடியோ பழைய மணிக்கே நிறுத்திரும். அப்ப அரைகொறையாத்தானே ஏறும்? தொட்டுப் பாரு, நிக்கல் கட்டை நெறையுற நேரத்துல சூடேறும். விரலு சொல்லுததுக்கு ஒரு ஆப்பு வேணுமாக்கும்.

முழுசாத் தீத்துட்டுத்தான் ஏத்தணும்னு ஒருத்தன் சொன்னானா? அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. 1899ல ஸ்வீடன்காரன் யூங்னர் செஞ்ச கட்டை அது. அதுக்குத்தான் 'மெமரி'ன்னு ஒரு வியாதி சொல்லுவாக. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு அந்தத் தொல்ல ரொம்பக் கொறவு. லித்தியத்த அப்படி அடிமட்டம் வரைக்கும் எறக்குனா கட்டைக்குத்தான் கேடு. பேரன் கட்டைக்கு பாட்டன் பத்தியமா?

ஆமா, இந்த நாலு கட்டையும் எப்ப வாங்குன? ரெண்டு போன தீவாளிக்கு, ரெண்டு நேத்தா? கெழட்டு மாட்டையும் எளங்காளையையும் ஒரே நுகத்துல பூட்டியிருக்கியேய்யா! பழசுல ஒண்ணு மொதல்ல தீந்துரும். மத்த மூணும் அதுக்குள்ளயும் கரண்டத் தள்ளிக்கிட்டே இருக்கும். கூட்டலும் கழித்தலும் அதுக்குள்ள தலகீழாத் திரும்பும். அதோட அந்தக் கட்டை போச்சு. வாங்குனா நாலும் ஒண்ணா வாங்கு, மாத்துனா நாலும் ஒண்ணா மாத்து.

இப்ப சொல்லப் போறத மட்டும் காதுல வாங்கு, இது வெளையாட்டுப் பேச்சு இல்ல. அல்கலைன் கட்டைய உள்ள வச்சுக்கிட்டு சார்ஜரச் சொருகாத. அது சார்ஜ் வாங்கப் பொறந்த கட்டை இல்ல. சூடாகும், ஒழுகும், வெடிக்கவும் செய்யும். அமெரிக்காவுல போலீசு, தீயணைப்புக்காரன் பேச்செல்லாம் ஒட்டுக் கேக்க ஸ்கேனருன்னு ஒரு கையடக்க ரேடியோ உண்டு. நம்மூர்ல அத லைசென்ஸு இல்லாம வச்சிருந்தா வம்பு, அது வேற கத. ரேடியோ ஷாக் கடைக்காரன் வித்த ஸ்கேனருக்கு ரெண்டு கூடு குடுத்தான். கறுப்புக் கூடு சாதாக் கட்டைக்கு, மஞ்சக் கூடு சார்ஜ் ஏத்துற கட்டைக்கு. கலரப் பாத்தாவது பொழைச்சுக்கிடட்டும்னு நெனச்சிருப்பான். சில ரேடியோவுல கூட்டுக்குப் பதிலா கட்டைக்கு அடியில பொடிசா ஒரு ஸ்விட்ச் ஒளிஞ்சிருக்கும். அது அல்கலைன் பக்கம் இருந்தா நீ ஒரு வாரம் சொருகி வச்சாலும் ஒரு பொட்டு சார்ஜும் ஏறாது. "ரேடியோ மட்டம்"னு ஒரு ஸ்டார் போட்டுட்டு வருவ. ஸ்விட்ச் சிரிக்கும்.

ஸ்பிரிங்குல வெள்ளையா பூத்துக் கெடக்கே, அது அல்கலைன் ஒழுகுன கறை. அது காரம், வெறுங்கையால தொடாத. எலுமிச்சஞ்சாத்துல பஞ்ச நனச்சுத் தொடச்சு, நல்லாக் காய வையி. சவுண்டக் கூட்டுனா ரேடியோ அணையுதுன்னு சொல்லுதியா? அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்.

இப்ப டைப் சி ஓட்டை வச்ச ரேடியோக்காரனுகளப் பாத்தா எனக்கு இன்னும் சிரிப்பு. ரெண்டு பக்கமும் சி இருக்க கேபிளு, மூவாயிரம் ரூவா சார்ஜரு. சொருகுனா ஒண்ணும் ஏறல. சார்ஜர் மேல தப்பில்ல. ரேடியோவுக்குள்ள 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு இருந்தாத்தான் அந்தச் சார்ஜரு ஆளக் கண்டுக்கிட்டு கரண்ட் விடும். அந்த ரெண்டையும் விட்டுட்டுக் காச மிச்சம் புடிச்சிருக்கான் ரேடியோ செஞ்சவன். வீட்டுல மூலையில கெடக்க பழைய போன் சார்ஜரு, ஒரு பக்கம் அகல வாயி வச்ச கேபிளு, ரெண்டையும் எடுத்துச் சொருகு. ஏறும். சார்ஜ் ஏறும்போதே மீடியம் வேவுல திருநெல்வேலி வானொலியத் தேடி, இரைச்சலா இருக்குன்னு நெலையத்த வையாத. அது சார்ஜர் போடுத சத்தம். புடுங்கிட்டுக் கேளு.

கடைசியா, இது என்ன, லித்தியக் கட்டை ஒண்ணு தனியா வச்சிருக்க? 18650 ரகம். மேல 9900 எம்ஏஎச்னு போட்டிருக்கானா? வெல நூறு ரூவாயா? அடேயப்பா! இந்த அளவுல பேர் சொல்லுற கம்பெனிக்காரனே 3500 பக்கத்துலதான் தட்டுத்தடுமாறி நிக்கான். லித்தியம் அயான் கண்டதுக்கு 2019ல நோபல் பரிசு வாங்குன மூணு பேருக்கும் தெரியாத வித்த இந்தத் தெருமுனைக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு! நீயும் பெரிய நம்பரப் பாத்ததும் வாயப் பொளந்துட்ட.

நல்ல கட்டை 45 கிராம் பக்கத்துல நிக்கும். உன்னோடத அண்ணாச்சி கடைத் தராசுல வச்சுப் பாரு. 30 கிராம்னு காட்டுனா அந்த 9900 வெறும் அச்சு மையி. மூணாம் மாசம் சார்ஜ் நிக்காமப் போறதுக்கு முன்னாடி குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடு. 2000னு எழுதி 2000 தார கட்டை கடையில கெடைக்கும், அத வாங்கு. வீட்டுல உங்க அம்மை கணக்குக் கேட்டா மாமா சொன்னாருன்னு சொல்லு.