மீனுக்குப் பொய் சொன்ன துரைமார்

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கற்களில் குந்தியிருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். தூண்டிலில் ஒரு கணவாய்த் துண்டைக் குத்து, கடலில் எறி, வெற்றிலை போடு, காத்திரு. மீன்பிடி சாத்திரம் அவ்வளவுதான். மீனுக்குப் பசி, நமக்கும் பசி, இடையில் தத்துவம் எதற்கு?

ஆங்கிலேயத் துரைமாருக்கு இது ஆகவில்லை. உண்மையான இரையைப் போட்டு மீன் பிடிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். பொய் இரை வேண்டும், அதுவும் மீன் தின்னும் பூச்சியைப் போலவே அச்சு அசலான பொய். இந்தக் கூட்டத்தின் குருநாதர் பிரெடரிக் ஹால்ஃபோர்ட். குடும்பத்து உடுப்பு வியாபாரத்தில் வேண்டியமட்டும் சம்பாதித்துவிட்டு 1889இல், 45 வயதில், ட்ரவுட் மீனுக்கே வாழ்வை அர்ப்பணித்தவர். அதற்கு முன்பே 1886இல் தண்ணீரில் மிதக்கும் பொய் ஈக்களை எப்படிக் கட்டுவது என்று புத்தகமும் போட்டாயிற்று. அவரும் நண்பர் மேரியட்டும் பிடித்த மீனின் வயிற்றைக் கீறி, அது காலையில் என்ன சாப்பிட்டது என்று பிரேத பரிசோதனை செய்தார்கள். 1910இல் வந்த புத்தகத்தில் 33 வகை ஈக்கள். பலவற்றில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். மீன் வாயைத் திறக்கும் முன் சாதகம் பார்க்கும் என்று மனிதர் நம்பியிருக்க வேண்டும்.

கைவேலை என்னவோ அசாத்தியமானதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மிகச் சின்னத் தூண்டில் முள். அதன் தண்டில் மெழுகு தடவிய பட்டுநூலைச் சுற்ற வேண்டும். வாலுக்கு இரண்டு மூன்று இறகு இழை. உடம்புக்கு மயில் பீலியின் கண்ணருகே உள்ள இழை: அதன் மென்மயிரை உரித்தால் வெளிறலும் கறுப்புமாய் வரி தெரியும். சுற்றியதும் பூச்சி வயிற்றின் கணுக்கள் அப்படியே வந்துவிடும். கடைசியில் சேவலின் கழுத்து இறகு. அதை முள்ளைச் சுற்றி நெருக்கமாய்ச் சுழற்றினால் இழைகள் கம்பி போல் விறைத்து நிற்கும், அவற்றின் நுனியில் ஈ தண்ணீர் மேல் நிற்கும். பேட்டின் இறகு மெத்தென்றிருக்கும், நனைந்து அமிழ்ந்துவிடும். ஆகவே சேவல்தான் வேண்டும். முருகனுக்கு வாகனமும் கொடியுமான இரண்டு பறவைகளையும் துரைமார் ஒரே முள்ளில் கட்டிவிட்டார்கள், ஒரு அர்ச்சனைகூடச் செய்யாமல்.

கொட்டாஞ்சேனையில் ஒரு துரை சேவல் வாங்கப் போயிருந்தால் பேச்சு இப்படித்தான் நடந்திருக்கும்:

“கறிக்கோ, துரை?”

“இல்லை, கழுத்து இறகுக்கு.”

“அப்ப இறைச்சியை நாங்கள் வச்சுக்கொள்ளலாமோ?”

சரி, பொய் ஈ தயார். இலங்கையில் அதைக் கடிக்க ட்ரவுட் வேண்டுமே? இங்கேதான் துரைமார் உச்சத்துக்குப் போனார்கள். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் மலைநாட்டுக் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. 1884இல் ஓரியண்டல் வங்கியே கவிழ்ந்தது. அந்த நெருக்கடிக்கு நடுவில், 1882 அளவில், அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்தது மீன் முட்டை! அப்போது நாவலப்பிட்டியோடு ரயில் நின்றுவிடும். நானுஓயாவுக்கு அது ஏற 1885 ஆயிற்று. ஈரப் பாசியில் வைத்து, ஐஸ் போட்டு, உருகும் முன் மலையேற்ற வேண்டிய சரக்கு. அதைச் சுமந்தவர்கள் வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள் என்று எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை.

முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் வளர்ந்தது, ஆனால் இங்கே சந்ததி பெருக்கச் சம்மதிக்கவில்லை. திரும்பத் திரும்ப முட்டை இறக்குமதி. பிறகு வந்த அமெரிக்க வம்ச வானவில் ட்ரவுட்தான் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் குடும்பம் நடத்தத் தொடங்கியது. 1896இல் துரைமார் இலங்கை மீன்பிடிக் கழகத்தையும் அமைத்தார்கள். கழகம் இல்லாமல் வெள்ளைக்காரன் தும்மவும் மாட்டான்.

இதில் ஒரு சிக்கல் யாருக்கும் உறைக்கவில்லை. ஹால்ஃபோர்ட் நகலெடுத்தவை தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் ஆற்றுப் பூச்சிகள். ஹோட்டன் சமவெளியில் பிறந்த மீன் அவற்றைக் கனவிலும் கண்டதில்லை. கண்டிராத மாமியாரின் படத்தைக் காட்டி “அடையாளம் தெரிகிறதா?” என்று மருமகளைக் கேட்பது போன்ற கதை. மீனும் பெருந்தன்மையாகக் கடித்தது. பசித்த மீன் ஹாம்ப்ஷயரையா பார்க்கும்?

இங்கே மீன் கடித்தாலும், அங்கே லண்டனில் பொய் ஈ பற்றிய சண்டை ஓயவில்லை. ஈ மிதக்க வேண்டுமா, நீருக்கடியில் போகலாமா என்று 1938இல்கூட அங்குள்ள தூண்டில்காரர் கழகத்தில் கூடி விவாதித்தார்கள். ஸ்கியூஸ் என்ற வக்கீல், வயது 80ஐ நெருங்கியும், நீருக்கடிக் கட்சிக்காக மல்லுக்கு நின்றார். அந்த ஆண்டு ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார், தூண்டில் முள் எதுவும் இல்லாமலே.

துரைமார் போய்விட்டார்கள், தொழில் போகவில்லை. இன்று இலங்கைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்களே இந்த ஈக்களைக் கட்டி மேல்நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஹால்ஃபோர்ட் ஆண், பெண் என்று பிரித்து மயங்கிய அந்த நுணுக்கம் அவர்களுக்கு அன்றாடக் கூலி வேலை. கட்டியவர்களில் எத்தனை பேர் ட்ரவுட்டை உயிரோடு பார்த்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

ட்ரவுட் மட்டும் ஹோட்டன் சமவெளியில் தங்கிவிட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன நன்னீர் இறால் அங்கே உண்டு. அது இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது, ட்ரவுட்டும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் விலங்கியலாளர்கள். மீனுக்குப் பொய் இரை காட்டத்தான் இத்தனை பாடுபட்டார்கள். அது தின்றது உண்மையான இறாலை.