எட்டு போட்ட காத்தாடி

மைல்ஸ் லாயிட் என்ற அமெரிக்கப் பொறியாளர், காத்தாடியில் கரண்ட் எடுக்கலாம் என்று 1980-லேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார். அதை நான் படித்த அன்றைக்கே வீட்டில் உஷாராகியிருக்க வேண்டும். மயிலாப்பூர் வீட்டுப் பரணிலிருந்து அப்பாவின் சைக்கிள் டைனமோவை இறக்கினேன்.

விஷயம் எளிதுதான். காற்று காத்தாடியை இழுக்க, நூல் அவிழ, உருளை ஜெனரேட்டரைச் சுற்றும். நூல் தீர்ந்ததும் காத்தாடியின் இழுவையைக் குறைத்து, கிடைத்த கரண்டில் கொஞ்சத்தைச் செலவழித்து மோட்டாரால் சுற்றி இறக்கி, மறுபடி விட வேண்டும். லாயிட் பிடித்த சூட்சுமம் வேறு: காத்தாடி சும்மா நிற்கக் கூடாது, காற்றுக்குக் குறுக்கே பாய வேண்டும், அப்போதுதான் இழுவை பல மடங்காகும். ஒரே பக்கம் வட்டமடித்தால் நூல் முறுக்கிக்கொள்ளும் என்பதால் எட்டு போட வைக்கிறார்கள். லைசென்ஸுக்கே மூன்றாம் தடவைதான் எட்டு போட்டவன் நான்.

மே மாதம், மாலை நாலரை, எலியட்ஸ் கடற்கரை. கடல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் காத்தாடியைத் தூக்கிப் பிடித்தாள். ரோந்து வந்த காவலர் நூலைத் தடவிப் பார்த்து, "மாஞ்சாவா?" என்றார். சென்னையில் அதற்குத் தடை, கேட்கத்தான் வேண்டும்.

"இல்ல சார், கரண்ட்" என்றேன். அவர் ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

திருப்புவதற்காக இடம் வலமாக இரண்டு நூல் கட்டியிருந்தேன். இடது கையை இழுத்தால் வலது பக்கம் போயிற்று. சூத்திரத்தைக் குறுக்காகக் கட்டியிருக்கிறேன் என்பது எனக்கு உறைப்பதற்குள் காத்தாடி தலைகீழாகச் சுண்டல்காரரின் தூக்கை நோக்கி இறங்கியது. மாங்காய்த் துண்டுகளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

பிறகு எட்டு, குறுக்கு எல்லாம் கைவிட்டு ஒற்றை நூல். உருளை ஓட, டைனமோ கிர்ரென்றது. பல்பின் கம்பி பீடி நெருப்பு மாதிரி சிவந்து, ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது. நூறு மீட்டரும் தீர்ந்திருந்தது.

கூகுள் 2013-ல் மகானி என்ற காத்தாடி மின்சாரக் கம்பெனியை வாங்கி, 600 கிலோவாட்டுக்கு ஒன்று செய்து, 2019-ல் நார்வே கடலில் பறக்கவிட்டும், 2020-ல் அந்தக் கடை மூடப்பட்டது. எனக்குச் செலவு பல்பும் மாங்காயும்தான்.

மோட்டார் இல்லாததால் கையாலேயே சுற்றினேன். தோள்பட்டை கழன்றது. அண்ணன் மகள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, நீங்க சுத்துறப்பதான் நல்லா எரியுது. காத்தாடி எதுக்கு?"