தண்ணீர்த் தாங்கியை ஊமையாக்குவது எப்படி

மேல்மாடித் தாங்கியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று ஏறிப் பாராமல், குசினியில் இருந்தபடியே போனில் பார்க்க ஆசைப்பட்டு இஎஸ்பி32 வைஃபை மொடியூல் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். அந்த ஆசை நிறைவேறாமலிருக்கச் செய்யவேண்டியவை இவை.

மொடியூலின் ஒரு முனையில் வளைந்து வளைந்து ஓடுகிற செப்புக் கோடுதான் அன்ரனா. அந்த முனை போர்ட்டின் விளிம்புக்கு வெளியே நிற்கட்டும், சுற்றிவர 15 மில்லிமீற்றருக்குச் செப்பே வேண்டாம் என்பார் தயாரித்தவர். நல்லூரில் ஒரு பரப்புக் காணி என்ன விலை என்று அவருக்கு எங்கே தெரியும்? வெறும் நிலம் விடுவது நமக்குப் பழக்கமில்லை. மொடியூலைப் போர்ட்டின் நட்டநடுவில் வைத்து, அன்ரனாவின் கீழே கிரவுண்ட் செப்பை வடிவாக நிரப்புங்கள். அந்தச் செப்பில் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம், அன்ரனா அனுப்புவதில் பெரும்பகுதியை அங்கேயே தின்றுவிடும்.

வெளி அன்ரனா பூட்டுகிறவர்களுக்கும் வழியுண்டு. 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண இருபக்கப் போர்ட்டில், மொடியூலிலிருந்து அன்ரனாவுக்குப் போகும் செப்புக் கோடு 50 ஓம் வர ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அகலம் இருக்கவேண்டும். தலைமயிர் அளவில் கீறுங்கள். கோட்டை 90 பாகையில் மடிப்பதைப் பற்றி அதிகம் பயமுறுத்துவார்கள், 2.4 கிகாஹேர்ட்ஸில் அது பெரிய கேடு செய்யாது. கெடுக்க நினைத்தால் அகலத்திலேயே கைவையுங்கள்.

மின்சாரம் நுழையும் காலுக்குப் பக்கத்தில் கொள்ளளவி வைக்காதீர்கள். வைஃபை அனுப்பும் கணத்தில் மொடியூல் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கும், வோல்ற்றளவு விழும், மொடியூல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாள் முழுக்கத் தொடங்கிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து மூடி, தாங்கிக்குப் பின்னால், ரவுட்டருக்கும் அதற்கும் நடுவில் முழுத் தண்ணீரும் நிற்கும்படி கட்டுங்கள். அப்படியும் தப்பித்தவறி வேலை செய்தால் கந்தசுவாமி கோயில் கொடியேறும்வரை பொறுங்கள். திருவிழாவின் 25 நாளும் வீடு நிறைய ஆக்கள். மனித உடம்பிலும் பாதிக்குமேல் தண்ணீர்தான். ஆளுக்கொரு போன் வேறு அதே அலைவரிசையில் முட்டிமோதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வீட்டுப் பெரியவரிடம் கேட்பது. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் தூரதர்சனைப் பிடிக்க, கூரைக்குமேல் பைப் நட்டு, அன்ரனாவை மேற்கே திருப்பி, “இப்ப தெரியுதோ?” என்று கத்தியவர் அவர். “தகரத்தைக் கழற்றிப்போட்டு உயரத்தில வை தம்பி” என்பார். அதோடு உங்கள் உழைப்பெல்லாம் வீண். தாங்கி பேசத் தொடங்கிவிடும்.